பெட்டிக்குள் பேசுகிறவள்

ஏற்காடு
23.06.2024, ஞாயிறு

அன்புள்ள இளவரசிக்கு,

அக்கா மேகலா எழுதுவது. எனக்கு முட்டிவலி தவிர வேறு குறையில்லை. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா என்பதுதான் கவலை.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று சிரிக்காதே. போனில் பேசினால் மூன்றாவது நிமிடத்தில் நம்மில் ஒருத்தி கத்துகிறாள். போன வாரமும் நீதான் பாதியில் வைத்தாய். எழுதினால், வரி முடிவதற்குள் கோபம் பாதி ஆறிவிடுகிறது. விடுதிப் பிள்ளைகளுக்கும் முதல் பருவம் முழுக்கப் போன் கிடையாது. குரலைக் கேட்டால் அழுகிறார்கள் என்று நெடுநாளாக இருக்கிற விதி. வார்டனின் தங்கை மகள் என்பதற்காக கவியாவுக்கு மட்டும் நான் அதைத் தளர்த்த முடியாது. மற்றவர்கள் முன்னால் அவளும் என்னைப் பெரியம்மா என்று கூப்பிடுவதில்லை, மிஸ் என்றுதான்.

வந்து பன்னிரண்டு நாளாகிறது. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். மூன்று தட்டுகளை வீசினாள். பக்கத்துக் கட்டில் திவ்யாவின் கையில் பல் பதியக் கடித்தாள். வசந்த் இறந்து மூன்று மாதம்தான் ஆகிறது. அப்பாவைப் பறிகொடுத்த ஒன்பது வயதுப் பிள்ளை வேறு எப்படி இருக்கும்? நான் அடிக்கவில்லை. பெட்டி அறையில் உட்கார வைக்கிறேன். பிள்ளைகளின் டிரங்குப் பெட்டிகளை வரிசையாக வைத்திருக்கும் அறை அது. ஜன்னல் உண்டு, விளக்கு உண்டு, நீ பயப்படாதே. தன் பெட்டிமேல் உட்கார்ந்திருந்து, அடங்கியதும் வெளியே வரலாம். போன வருஷம் குழந்தைகளின் மனநிலை பற்றிச் சேலத்தில் எங்களுக்கு இரண்டு நாள் பயிற்சி கொடுத்தார்கள். அங்கே கிடைத்த அட்டையை அந்தச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். சிரிக்கிற முகம், அழுகிற முகம், கோபமுகம், பயந்த முகம். இப்போது எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் பிள்ளை விரல் வைத்துக் காட்ட வேண்டும்.

ஞாயிறு காலை டிபன் முடிந்ததும் எல்லோரும் வீட்டுக்குக் கடிதம் எழுதுவார்கள். சின்ன வகுப்புகளுக்கு நான் கரும்பலகையில் எழுதிப்போடுவேன். அதைப் பார்த்து எழுதுவார்கள். கவியா முதலில் வேறு ஏதோ கிறுக்கியிருந்தாள். திரும்ப உட்கார வைத்ததும் பலகையைப் பார்த்து அழகாக எழுதிவிட்டாள். இத்துடன் வைத்திருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா,
மேகலா

*

அன்புள்ள அம்மாவுக்கு, கவியா எழுதுவது. நான் இங்கு நலமாக இருக்கிறேன். சாப்பாடு நன்றாக இருக்கிறது. எனக்கு நிறையத் தோழிகள் கிடைத்திருக்கிறார்கள். நன்றாகப் படிக்கிறேன். என்னைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். தங்கள் உடல்நலத்தைப் பார்த்துக்கொள்ளவும்.
இப்படிக்கு, தங்கள் அன்பு மகள், வ. கவியா, நான்காம் வகுப்பு.

*

ஓசூர்
07.07.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நான் இருக்கிறேன். உன் முட்டிக்கு அந்தத் தைலம் கேட்கிறதா? மலையில் ஈரக்காற்று தொடங்கியிருக்குமே, சாக்ஸ் போட்டுக்கொள்.

கம்பெனியில் இந்த மாதம் எனக்கு இரண்டாம் ஷிப்ட். கவியாவின் கடிதத்தைக் கைப்பையிலேயே வைத்திருக்கிறேன். கையெழுத்து அவளுடையது, வார்த்தை உன்னுடையது. பரவாயில்லை, கையெழுத்தாவது வந்ததே.

அவள் அப்பாவைப் பற்றி ஏதாவது பேசினாளா? முதலில் ஏதோ கிறுக்கினாள் என்று எழுதியிருக்கிறாயே, அது என்ன? கோபம் வந்தால் என்ன பேசுகிறோம் என்று அவளுக்கே தெரியாது. இல்லாததையும் சொல்வாள். நீ எதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே.

கடிபட்ட பிள்ளையின் அம்மாவிடம் என் சார்பில் மன்னிப்புக் கேட்டுக்கொள்.

உன் தங்கை,
இளவரசி

*

ஏற்காடு
28.07.2024

அன்புள்ள இளவரசிக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். பத்து நாளாக வெயிலே இல்லை. ஏரிப்பக்கம் எதிரே வருகிற ஆள் தெரிவதில்லை. துவைத்த துணி காயாமல் நாறுகிறது. உனக்குச் சளி பிடிக்காமல் இருக்கிறதா?

கவியாவிடம் நல்ல மாற்றம். தட்டு வீசுவதில்லை, யாரையும் கடிப்பதில்லை. பெட்டி அறையில் அட்டையைக் காட்டினால் உடனே சிரிக்கிற முகத்தில் விரல் வைக்கிறாள். சீக்கிரம் கற்றுக்கொண்டாள். அவள் கிறுக்கியது ஏதோ படம்தான், கசக்கிப் போட்டுவிட்டேன்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். பல் துலக்கும்போது நாக்கைத் தேய்தேய் என்று தேய்க்கிறாள். இரண்டு நாள் பிரஷ்ஷில் ரத்தம் இருந்தது. நாக்கு ஓரத்தில் மிளகளவு ஒரு மச்சம் இருக்கிறதே, அதையே தேய்த்து எடுத்துவிடுவாள் போலிருக்கிறது. கருநாக்குக்காரி சொன்னால் பலிக்கும் என்று வசந்த் அவளிடம், இன்றைக்கு மழை வருமா, துணி காயப்போடலாமா என்று கேட்டுக் கேட்டுச் சிரிப்பாரே, அது நினைவுக்கு வந்தது. உப்புத்தண்ணீரில் கொப்புளிக்கச் சொல்லியிருக்கிறேன்.

எங்கள் ஆயா மரியபுஷ்பத்துக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. "ஏனுங்க மிஸ், புள்ள அழுவட்டுமுங்க. அழுவாத புள்ளைய எங்கீங்க பாத்திருக்கறீங்க?" என்று முகத்துக்கு நேரே கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. நாம் எப்படி வளர்ந்தோம்? அப்பா கொட்டச்சேடு எஸ்டேட்டில் ரைட்டராக இருந்தபோது, நாம் அழுதால் காப்பிக்கொட்டை ஸ்டோரில் மூட்டைமேல் உட்கார வைத்துவிட்டுப் போவார். "அழுது முடிச்சுட்டு ஊட்டுக்கு வாங்க சாமி" என்பார். ஒரு நாளும் குரலை உயர்த்தியதில்லை. அம்மா போன அன்றைக்கும் அங்கேதானே உட்கார்ந்திருந்தோம். நமக்கு என்ன கெட்டுப்போய்விட்டது?

இப்படிக்கு,
அக்கா மேகலா

*

ஓசூர்
18.08.2024

அக்காவுக்கு,

நலம்தான்.

என்ன கெட்டுப்போய்விட்டது என்று கேட்டிருக்கிறாய். மூன்று நிமிடம் சேர்ந்து பேச முடியாத இரண்டு பேராக ஆனோம். அது போதாதா?

நாக்கைத் தேய்க்க விடாதே. பிரஷ்ஷை நீயே வாங்கி வைத்துக்கொண்டு துலக்கும்போது பக்கத்தில் நில். டாக்டரிடம் காட்டு. அந்தக் கருநாக்குப் பேச்சை மட்டும் அவள் காதுபட யாரும் பேச வேண்டாம்.

சுதந்திர தின லீவில் வருகிறேன் என்று சொல்லியிருந்தேன். லைனில் ஆள் குறைவு, விடவில்லை.

இளவரசி

*

ஏற்காடு
08.09.2024

அன்புள்ள இளவரசிக்கு,

உடம்புக்கு எப்படி இருக்கிறது? எனக்கு முட்டி பரவாயில்லை.

டாக்டரிடம் காட்டினோம். சின்னப் புண்தான், மருந்து கொடுத்தார்.

ஆகஸ்ட் மாத ஒழுக்க நட்சத்திரம் நம் கவியாவுக்குத்தான். அசெம்பிளியில் பெயர் வாசித்துச் சட்டையில் குத்தினார்கள். ஜூனில் தட்டு வீசிய பிள்ளையா இது என்று பெரிய மேடமே என்னைக் கூப்பிட்டுப் பாராட்டினார். எனக்குப் பெருமையாக இருந்தது, அதை மறைக்கவில்லை.

ஆனால் பேச்சு குறைந்துவிட்டது. கேட்டால் தலையாட்டுகிறாள். வகுப்பில் பதிலைச் சிலேட்டில் எழுதிக் காட்டுகிறாளாம். போன வாரம் திவ்யாவுக்குப் பிறந்தநாள். எல்லோரும் வரிசையாக வாழ்த்துச் சொன்னார்கள். கவியாவின் முறை வந்தது. வாயை இறுக்கிக்கொண்டு நின்றாள். கை கொடு, போதும் என்றேன். கையைக் கொடுத்துவிட்டு ஓடிவிட்டாள். கடித்ததை மனதில் வைத்துக்கொண்டிருக்கிறாளோ என்று திவ்யா கேட்கிறாள். அவள்தானே கடிபட்டவள்!

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. வசந்த் இறந்த நாட்களில் உன் வீட்டில் கவியாவிடம் யாராவது ஏதாவது சொன்னார்களா?

காலாண்டு லீவுக்கு அவளை அழைத்துப்போக வருகிறாய்தானே?

இப்படிக்கு,
மேகலா

*

ஓசூர்
06.10.2024

அக்காவுக்கு,

காலாண்டு லீவில் வர முடியவில்லை. முன்பே எழுதியிருக்க வேண்டும். அவள் வாசலில் காத்திருந்தாளா? காத்திருந்தாள் என்றால் எழுதாதே.

நீ கேட்டதற்கு: யாரும் எதுவும் சொல்லவில்லை. சாவு வீட்டில் பிள்ளைகளிடம் பேச யாருக்கு நேரம்?

ஒழுக்க நட்சத்திரம் வாங்கியது சந்தோஷம். பேசாமல் இருப்பது பெரியவளாகிற அறிகுறியாகவும் இருக்கலாம்.

இளவரசி

*

ஏற்காடு
17.11.2024

இளவரசி,

நலம் விசாரிக்கிற மனநிலை இன்று இல்லை. மன்னித்துக்கொள்.

கவியாவைப் பெட்டி அறைக்கு அனுப்புவதை நான் நிறுத்தி இரண்டு மாதமாகிறது. இப்போது அவளே போகிறாள். வியாழக்கிழமை சாயங்காலம் படிப்பு நேரத்தில் அவளைக் காணவில்லை. நானும் மரியபுஷ்பமும் தேடிக்கொண்டு போனோம். கதவு பாதி திறந்திருந்தது. தன் பெட்டியின் மூடியைத் தூக்கி, தலையை உள்ளே விட்டு ஏதோ சொல்கிறாள். சட்டென்று தலையை எடுத்து மூடியைச் சாத்திக் கொக்கியைப் போடுகிறாள். கொஞ்ச நேரம் மூடிமேல் கையை அழுத்தி வைத்திருக்கிறாள். மறுபடியும் திறக்கிறாள்.

நான் அட்டையைக் காட்டினேன். அந்த நேரத்தில் எனக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை, பார். அவள் சிரிக்கிற முகத்தில் விரலை வைத்தாள். மரியபுஷ்பம் என்னைத் தள்ளிக்கொண்டு போய்த் தரையில் உட்கார்ந்தாள்.

"ஏஞ்சாமி, பொட்டிக்குள்ள யாருகிட்டப் பேசற?"

"யாருகிட்டயும் இல்லீங்க ஆயா. வெளிய சொன்னா நடந்துருமுங்க."

ஒரு மாதத்தில் அவள் வாயிலிருந்து நான் கேட்ட நீளமான பேச்சு அது.

இனி நான் மறைத்ததைச் சொல்கிறேன். ஜூனில் அவள் கிறுக்கியது படமில்லை. உனக்கு எழுதிய கடிதம். நான் கசக்கவும் இல்லை, என் அலமாரியில் பூட்டி வைத்தேன். அதைப் படித்தால் நீ தாங்கமாட்டாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எழுதவிடாமல் செய்தால் பிள்ளையும் மறந்துவிடும் என்று நினைத்தேன். இன்னொரு காரணமும் உண்டு, அது அசிங்கமானது. எனக்குப் பிள்ளை இல்லை. பெற்றவள் கெடுத்ததை நான் சரிசெய்கிறேன் என்ற எண்ணம் எனக்குள் இனித்துக்கொண்டே இருந்தது. அந்த இனிப்புக்காக ஐந்து மாதம் சாவியைத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தேன். நான் கேட்டபோது நீ உண்மையைச் சொல்கிறாயா பார்க்கலாம் என்று காத்திருந்தேன். நீ சொல்லவில்லை. அதிலும் எனக்கு ஒரு திருப்தி இருந்தது.

கடிதம் இதோ.

மேகலா

*

அம்மா நான் கவியா. எனக்கு இங்க புடிக்கல. ராத்திரி நொம்பக் குளிருது. ஆண்டு விழாவுக்கு வரமாட்டேன்னு அப்பா சொன்னதுக்குக் கோவத்துல நீ செத்துப் போன்னு சொல்லிட்டேன். சும்மாதான் சொன்னேன். எல்லாரும் இருக்கும்போது நீங்க, உன் கருநாக்குதாண்டி அவரக் கொண்டு போச்சுன்னு சொன்னீங்க. அப்பறம் என்னப் பாக்கவே இல்ல. என் நாக்க எடுத்துட்டா நான் ஊட்டுக்கு வரலாமா. டாக்டர்கிட்டக் கேளுங்கம்மா. அப்பா வருவாரு அப்பா வருவாருன்னு நூறு தடவ சொன்னேன். வரல. நல்லது சொன்னா பலிக்காதாம்மா.

*

ஓசூர்
01.12.2024

அக்கா,

ஆமாம், சொன்னேன்.

மூன்றாம் நாள். பால் தெளித்துவிட்டு வந்து எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். காலையில் சட்டையைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போன மனிதர், மத்தியானம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தாராம். சண்டை போட்டுக்கொண்டா போனார் என்று அவருடைய அத்தை கேட்டாள். என்னோடு இல்லை, இதோ இவளோடுதான் என்று கையை நீட்டினேன். பிறகு அதைச் சொன்னேன். பதினைந்து இருபது பேர் இருந்தார்கள். ஒருவர் கூட என்னை அதட்டவில்லை. அத்தை எழுந்து வந்து அவள் வாயைத் திறக்கச் சொல்லி நாக்கைப் பார்த்தாள். கவியா காட்டினாள். டாக்டரிடம் காட்டுவது போல நன்றாக நீட்டிக் காட்டினாள்.

அதற்குப் பிறகு அவள் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் நான் சொன்னதுதான் தெரிந்தது. அதனால்தான் மலைக்கு அனுப்பினேன். படிப்பு, ஷிப்ட் என்று உன்னிடம் சொன்னதெல்லாம் பிறகு சேர்த்துக்கொண்டது.

நீ மறைத்ததற்கு உன்னைத் திட்டலாம் என்று நான்கு தாள் எழுதினேன், கிழித்துவிட்டேன். நீ பூட்டி வைத்தது என் வார்த்தையைத்தானே.

அவளுக்குத் தனியாக எழுதியதை இத்துடன் வைத்திருக்கிறேன். நீ முதலில் படிக்காதே. அவள் கையில் கொடு. அரையாண்டு லீவுக்கு 24ஆம் தேதி வருகிறேன். திரும்ப அனுப்பப் போவதில்லை. டி.சி.க்கு எழுதிக் கொடு.

இளவரசி

*

ஏற்காடு
15.12.2024

அன்புள்ள இளவரசிக்கு,

சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாயா? எலும்பாகத் தெரிவாய் என்று பயமாக இருக்கிறது.

நீ எழுதியதை உறை பிரிக்காமல் கொடுத்தேன். அவளே பிரித்தாள், ஜன்னல் ஓரம் நின்று படித்தாள். இரண்டு முறை படித்தாள் என்று நினைக்கிறேன். பிறகு என்னிடம் வந்து தாளை நீட்டினாள். படிக்கச் சொல்கிறாளோ என்று வாங்கினேன். 'நீ சொன்னதால் அப்பா சாகவில்லை. அவருக்கு நெஞ்சில் வியாதி இருந்தது. அம்மா சொன்னது பொய்' என்று நீ பெரிய எழுத்தில் எழுதியிருந்தாய். அதில் விரலை வைத்து, மெல்லக் கேட்டாள்:

"இதயும் பாத்து எழுதோணுமுங்களா, மிஸ்?"

பக்கத்தில் வேறு யாரும் இல்லை, இளவரசி. இருந்தும் மிஸ் என்றாள்.

இல்லை கண்ணு, இது உனக்கு, அம்மா சொன்னது என்றேன். தலையாட்டினாள். நான்காக மடித்து ரஃப் நோட்டுக்குள் வைத்துக்கொண்டாள். பெரியவர்கள் எழுதிப்போடுவது ஒன்று, உள்ளே இருப்பது வேறொன்று என்று அவளுக்குப் பழக்கியவள் நான். ஞாயிற்றுக்கிழமைதோறும், சாக்பீஸ் பிடித்து.

டி.சி.க்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். அட்டையைச் சுவரிலிருந்து கிழித்துவிட்டேன். அந்த இடம் மட்டும் சுண்ணாம்பு வெள்ளையாகத் தெரிகிறது. நீ வா.

மேகலா

*

ஓசூர்
27.12.2024

அன்புள்ள அக்காவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். கீழே இறங்கியதும் காது அடைத்துக்கொண்டது, இன்னும் சரியாகவில்லை.

நீ டி.சி.யில் கையெழுத்து வாங்க ஆபீசுக்குப் போயிருந்தாயே, அப்போது பஸ் ஸ்டாண்டில் நடந்ததை உன்னிடம் அன்று என்னால் சொல்ல முடியவில்லை. சேலம் பஸ் புறப்படத் தயாராக இருந்தது. இதைவிட்டால் அடுத்தது ஒரு மணி நேரம் கழித்து என்றார்கள். முதலில் ஏறி உட்காரலாம், நீ வந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று அவள் கையைப் பிடித்துப் படியில் கால் வைத்தேன். அவள் வரவில்லை. இழுத்தேன். கம்பியைப் பிடித்துக்கொண்டாள். என்னைத் திட்டு கண்ணு, எதை வேண்டுமானாலும் சொல்லு, அம்மாவைச் சொல்லு என்று எல்லோருக்கும் கேட்கக் கெஞ்சினேன். கம்பியை விட்டுவிட்டு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். "என்னம்மா, ஏர்றீங்களா இல்லீங்களா?" என்றார் கண்டக்டர். அவள் முழங்கையால் என்னைப் படிமேல் தள்ளினாள். பின்னால் போய் நின்றுகொண்டாள்.

அடுத்த பஸ்ஸுக்கு இருந்து பார்த்தேன். அதற்கும் அப்படித்தான். நீ வந்தாய், டி.சி.யைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றாய். மறுநாள் ஷிப்டுக்குப் போகாவிட்டால் எனக்கு வேலை இல்லை. ஏறிவிட்டேன்.

பஸ் வளைவில் திரும்பும்வரை அவள் வாயிலிருந்து கையை எடுக்கவில்லை. அவள் என்னை மன்னிக்கவில்லை, அக்கா. அது நியாயம்தான். வெறுப்பையாவது வாயால் சொல்லியிருக்கலாம்.

இளவரசி

*

ஏற்காடு
05.01.2025, ஞாயிறு

அன்புள்ள இளவரசிக்கு,

காது சரியாகிவிட்டதா? வெந்நீர் ஆவி பிடி. டி.சி.யை ஆபீசிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

இன்று கரும்பலகையை வெறுமனே விட்டுவிட்டேன். அவரவர் வீட்டுக்கு அவரவர் தோன்றியதை எழுதுங்கள் என்றேன். பிள்ளைகள் பத்து நிமிடம் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கவியா மட்டும் உடனே குனிந்து எழுதினாள். அவளே உறையில் போட்டு ஒட்டிவிட்டாள். நான் படிக்கவில்லை.

அக்கா,
மேகலா

*

அன்புள்ள அம்மாவுக்கு, கவியா எழுதுவது. நான் இங்கு நலமாக இருக்கிறேன். சாப்பாடு நன்றாக இருக்கிறது.

அம்மா நீங்க வந்தப்ப எனக்கு அழுகை வந்துது. உங்ககூட வரணும்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துது. பஸ் பத்திரமா போவும்னும் சொல்லணும்னு இருந்துது. ஆனா நல்லது சொன்னா பலிக்காது. கெட்டது தானா வந்துட்டா பலிச்சுரும். நீங்க திட்டு திட்டுன்னு சொன்னீங்க. எனக்குப் பயமாப் போச்சு. அதான் வாயப் பொத்திக்கிட்டேன். உங்ககூட ஊட்ல இருந்தா என்னைக்காச்சும் கோவம் வரும். அதனாலதான் ஏறல.

நீங்க பத்திரமா போய்ச் சேந்துட்டீங்கன்னு பெரியம்மா சொன்னாங்க. அப்ப நான் பேசாம இருந்ததுதான் சரி. இனிமேலும் பேசமாட்டேன். உங்களுக்கு ஒண்ணும் ஆகாதும்மா.

தங்கள் உடல்நலத்தைப் பார்த்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மகள்,
வ. கவியா, நான்காம் வகுப்பு.